மதிப்பெண் பிள்ளையுடையதா, பள்ளிக்கூடத்துடையதா?

பத்தாம் வகுப்பு முடிவு வெளியான மறுநாள் காலையில் நம் சங்க அறையின் வாசலில் செருப்புக் கழற்ற இடம் இருக்காது. பதினோராம் வகுப்புக்கு இணையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். வீட்டில் கைப்பேசி உண்டு. ஆனால் அந்தப் படிவம் கேட்கிற கேள்விகளுக்கு எதைப் பதிலாகப் போடுவது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆகவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இங்கே வருகிறார்கள். ஆண்டுதோறும் அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். கல்வி நிபுணன் என்ற முறையில் அல்ல.

சென்ற முறை வந்தவர்களில் ஒருவர் சைக்கிளில் இட்லி கொண்டுபோய் விற்பவர். விடியுமுன் அடுப்பை மூட்டி, ஏழு மணிக்கெல்லாம் பரேல் பக்கம் போய்விடுகிற மனிதர், அன்று வியாபாரத்தை விட்டுவிட்டு மகளோடு வந்திருந்தார். மகள் 82.40 சதவீதம். “அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துலயே எம்மவதான் மொதல்ல வந்திருக்கா. மாட்டுங்காவுல கெடச்சிரும்லா?” என்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். முந்திய ஆண்டில் அந்தக் கல்லூரியில் அறிவியல் பிரிவுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு என்பதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தாள். அது 90-க்கு மேல். பத்துக் கல்லூரிகளை விருப்ப வரிசையில் எழுதலாம். முதல் ஏழெட்டை அப்பாவின் திருப்திக்காக எழுதினோம். கடைசி இரண்டை அவளுக்காக எழுதினோம். மூன்றாம் சுற்றில், இரண்டு ரயில் மாறிப் போகிற ஓர் இடத்தில் கிடைத்தது.

அவர் போகும்போது கேட்ட கேள்வி ஒன்றுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. “மொதல்ல வந்த புள்ளைக்கே எடம் இல்லன்னா, அந்தப் பள்ளிக்கூடத்துல மத்த புள்ளைங்க எதுக்கு அண்ணாச்சி படிக்குது?”

படிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தாய் பெயர் கேட்கிறது. சாதி கேட்கிறது. ஊனம் உண்டா, தகப்பன் படைவீரரா, விளையாட்டில் மாவட்ட அளவா மாநில அளவா என்று கேட்கிறது. உன் பள்ளியில் நீ எத்தனையாவது என்று மட்டும் கேட்கவில்லை. எந்தப் பள்ளியில், எத்தனை ஆசிரியர்களிடம், எந்த மொழியில் படித்து இந்த 82-ஐ எடுத்தாய் என்றும் கேட்கவில்லை. 82 என்றால் 82. பள்ளிக்கூடத்தை இந்த ஏற்பாடு பார்ப்பதே இல்லை என்றுதான் அரசாங்கம் சொல்லும். நான் சொல்கிறேன், பள்ளிக்கூடம் அந்த 82-க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். மராட்டிய மாநிலப் பத்தாம் வகுப்பில் மொழிப் பாடம் ஒன்றுக்கு 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 20 மதிப்பெண் பள்ளியே போடுவது. வாய்மொழித் தேர்வு என்று பெயர். 2019-ல் அந்த இருபதை எடுத்துவிட்டு, முழு நூறுக்கும் எழுத வைத்தார்கள். என்ன நடந்தது? 2018-ல் 89.41 சதவீதமாக இருந்த தேர்ச்சி 2019-ல் 77.10-க்கு விழுந்தது. ஒரே ஆண்டில் மாநிலத்துப் பிள்ளைகள் எல்லாரும் மந்தபுத்தி ஆகிவிட்டார்களா? மறு ஆண்டு அந்த இருபதைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2020-ல் தேர்ச்சி 95.30. நூற்றுக்கு நூறு என்று போட்ட பிள்ளைகள் 2018-ல் 125 பேர். 2019-ல் 20 பேர். 2020-ல் 242 பேர். ஒரே மாநிலம், ஒரே வாரியம். மாறியவற்றில் முக்கியமானது மதிப்பெண் போடும் முறை.

2019-ல் வேறொன்றும் நடந்தது. மத்திய வாரியத்துப் பிள்ளைகளுக்கும் ஐ.சி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் அவரவர் பள்ளி போட்ட அக மதிப்பெண் அப்படியே இருந்தது. மாநில வாரியப் பிள்ளைகளுக்கு மட்டும் அது இல்லை. மூன்று வகையினரும் ஒரே பட்டியலில், ஒரே இடங்களுக்குப் போட்டி போட்டார்கள். நம் பிள்ளைகளில் அநேகமாக எல்லாரும் எந்த வாரியம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஜூன் மாதம் இந்த அறையில் அழுத பெண்களை நான் மறக்கவில்லை.

இந்த இருபது மதிப்பெண்ணைப் பற்றி ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் கட்டணம் கட்டுகிற பள்ளிகளில் இருபதுக்குப் பத்தொன்பது போடாவிட்டால் மறுநாள் பெற்றோர் தலைமையாசிரியர் அறையில் இருப்பார்கள். நம் பகுதியில் வகுப்பாசிரியர் பதினான்கு, பதினைந்து போடுகிறார், கேட்க ஆளில்லை. மாநகராட்சி சேரியைக் கூட்டப் போகிற தாய், பிள்ளையின் மராத்தி வாய்மொழி மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்க எந்த நேரத்தில் பள்ளிக்கூடம் போவாள்? எந்த மொழியில் கேட்பாள்?

இதோடு முடியவில்லை. ஓவியத் தேர்வில் ஏ நிலை வாங்கினால் 7 மதிப்பெண் கூடுதல். விளையாட்டுக்கு உண்டு, பரதநாட்டியம், நாட்டுப்புறக் கலைக்கு உண்டு. கலைக்கும் விளையாட்டுக்கும் மதிப்புக் கொடுப்பதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த ஓவியத் தேர்வுக்குப் பிள்ளைகளின் பெயரைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும். ஓவிய ஆசிரியர் பணியிடமே நிரப்பப்படாத பள்ளியிலிருந்து யார் பெயரை யார் அனுப்புவார்? நம் பெண்பிள்ளைகள் வாசலில் போடுகிற கோலத்துக்கு எந்த வாரியம் ஏழு மதிப்பெண் கொடுக்கப்போகிறது? கட்-ஆஃப் 90.2, 90.4 என்று புள்ளிக்குப் பின்னால் அடிதடி நடக்கிற ஊரில், ஏழு என்பது ஒரு கல்லூரிக்கும் அடுத்த கல்லூரிக்கும் இடையே உள்ள தூரம் முழுவதும்.

மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தத் தமிழ்ப் பள்ளிகள் பெரும்பாலும் ஏழு, எட்டாம் வகுப்போடு நின்றுபோகின்றன. அதற்கு மேல் ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை திடீரென்று ஆங்கில வழிக்குப் போகிறான். எட்டு ஆண்டு தமிழில் கற்ற கணக்கையும் அறிவியலையும் இரண்டே ஆண்டில் வேறு மொழியில் எழுதக் கற்றுக்கொண்டு, தேர்வும் எழுதி, 82 வாங்கினால் அந்த 82-க்கு என்ன மதிப்பு? இட்லிக்காரர் மகள் அப்படி வாங்கியவள்தான். வழிமாறாமல், டியூஷனோடு, ஒரே பள்ளியில் பத்தாண்டு படித்து 91 வாங்கிய பிள்ளையைவிட அவள் குறைந்தவள் என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியவில்லை. கணினியால் முடிகிறது.

இந்த வாரியச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 2008-ல் வெவ்வேறு வாரிய மதிப்பெண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர மராட்டிய அரசு பெர்சன்டைல் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2009-ல் நூற்றுக்குத் தொண்ணூறு இடம் மாநில வாரியத்துக்கு, பத்து மற்றவர்களுக்கு என்றது. அதையும் நீதிமன்றம் தள்ளியது. 2010-ல் ஆறு பாடத்தில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ளலாம் என்றது; உயர்நீதிமன்றம் மறுத்தது, உச்சநீதிமன்றம் ஜூலையில் ஏற்றது. மூன்று ஆண்டும் பிள்ளைகள் ஆகஸ்டு வரை வகுப்பில்லாமல் காத்துக் கிடந்தார்கள். மூன்று ஆண்டும் வாதம் ஒன்றுதான்: இந்த வாரியமா, அந்த வாரியமா? ஒரே வாரியத்துக்குள் தாதரிலுள்ள பள்ளியும் தாராவியிலுள்ள பள்ளியும் ஒன்றா என்று எந்த வழக்கறிஞரும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நாமும் யாரையும் அனுப்பவில்லை.

ஆனால் பள்ளியைப் பார்க்கிற இடம் ஒன்று இந்தச் சேர்க்கையில் உண்டு. அதற்கு ‘இன்-ஹவுஸ்’ என்று பெயர். கல்லூரி நடத்துகிற நிர்வாகமே பள்ளியும் நடத்தினால், அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியே இடம். மாநகராட்சிப் பள்ளிக்கு ஏது ஜூனியர் கல்லூரி? ஆக, உயர்ந்த பள்ளியில் படித்ததற்கு ஒதுக்கீடு உண்டு. இல்லாத பள்ளியில் படித்ததற்கு எதுவும் கிடையாது. இதை யாரும் சலுகை என்று அழைப்பதில்லை. நம் பிள்ளைக்கு ஏதாவது கேட்டால் மட்டும் அந்தச் சொல் வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதையெல்லாம் படித்துவிட்டுப் பொதுத்தேர்வையே ஒழித்துவிடலாம் என்று நம் தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் 2021-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனாவால் அந்த ஆண்டு தேர்வே இல்லை. மத்திய வாரியம் பன்னிரண்டாம் வகுப்புக்கு என்ன செய்தது? பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 30 பங்கு, பதினொன்றுக்கு 30 பங்கு, பன்னிரண்டில் பள்ளி நடத்திய தேர்வுகளுக்கு 40 பங்கு என்று பிரித்தது. அத்தோடு விட்டதா? பள்ளிகள் அள்ளிப் போட்டுவிடும் என்று பயந்து, அந்தப் பள்ளி முந்திய மூன்று ஆண்டுகளில் எடுத்த மிகச் சிறந்த முடிவு எதுவோ அதற்கு மேல் போகாமல் மதிப்பெண்களைக் கட்டிப்போட்டது. டில்லியில் இருக்கிற நம் உறவினர்கள் இதன் பொருளை அனுபவித்து அறிவார்கள். உனக்கு மூன்று ஆண்டு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எப்படி எழுதினானோ, அதுதான் உன் எல்லை. நல்ல பள்ளியில் சராசரிப் பிள்ளைக்கு அது மெத்தை. எளிய பள்ளியில் ஒருவன் முளைத்தால் அவன் தலைக்குமேல் ஓடு.

இதையே அதற்கு முந்திய ஆண்டு இங்கிலாந்தில் செய்தார்கள். 2020 ஆகஸ்டு 13-ஆம் தேதி வெளியான ஏ-லெவல் முடிவில், ஆசிரியர்கள் கணித்துக் கொடுத்த தரங்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தைக் கணினி கீழே இறக்கியது. பள்ளியின் பழைய முடிவுகளை வைத்துத்தான் அது கணக்குப் போட்டது. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டது. மிகச் சிறிய வகுப்புகள் எந்தப் பள்ளியில் இருக்கும்? பணம் கட்டிப் படிக்கிற பள்ளியில். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில் அரசாங்கம் பின்வாங்கியது. நம் நாட்டில் அந்த ஆண்டுப் பிள்ளைகள் தெருவுக்கு வரவில்லை. தேர்வு இல்லை என்ற மகிழ்ச்சியில் இருந்தார்கள். மராட்டியப் பத்தாம் வகுப்பில் 99.95 சதவீதம் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். நாமும் இனிப்புக் கொடுத்தோம். எல்லாரும் தேறிவிட்டால் பிறகு யாருக்கு இடம் என்பதை எதை வைத்து முடிவு செய்வார்கள் என்பது ஆகஸ்டில்தான் புரிந்தது. ஒன்பதாம் வகுப்பில், அதாவது தமிழ் வழியிலிருந்து மாறிவந்து தடுமாறிய அந்த முதல் ஆண்டில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அன்று பாதிப் பங்கு. நம் பிள்ளைகளைக் குறிபார்த்துப் போட்டதுபோல் இருந்தது. யாரும் குறிபார்க்கவில்லை, நாம் இருக்கிறோம் என்பதே அவர்கள் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே, பொதுத்தேர்வு ஏழைக்கு ஒரு மறைப்பு. விடைத்தாளைத் திருத்துகிறவருக்குப் பள்ளியின் பெயர் தெரியாது, தெருவின் பெயர் தெரியாது. அதை நான் விடமாட்டேன்.

அப்படியானால் நுழைவுத் தேர்வு வைத்துவிடலாமே என்பார்கள். 2022-ல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் வந்தது இப்படித்தான். அதற்கு முன்னால் டில்லிப் பல்கலைக்கழகத்தில் 2021-ல் பல கல்லூரிகள் 100 சதவீதம் கட்-ஆஃப் போட்டன. கேரள மாநில வாரியப் பிள்ளைகள் நிறைய வந்து சேர்ந்தார்கள் என்று பெரிய கூச்சல் எழுந்தது. ஒவ்வொரு வாரியமும் ஒரு மாதிரி மதிப்பெண் அள்ளுகிறது, ஆகவே எல்லாருக்கும் ஒரே தேர்வு என்றார்கள். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். அந்த அளவுக்கு நல்லதே. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அங்கே சமன் வந்தால் பிரிக்க உதவும் பொருளாகிவிட்டது. பள்ளி வாத்தியாரின் இடத்தைப் பயிற்சி நிலையத்துக்காரர் பிடித்துக்கொண்டார். பள்ளியின் ஏற்றத்தாழ்வை ஒழிக்கிறோம் என்று சொல்லி, பள்ளியைவிட விலை அதிகமான ஒரு கடையைத் திறந்து வைத்தார்கள். இட்லிக்காரர் வீட்டில் பள்ளிக்கூடமாவது இலவசம்.

சரி, சொந்த ஊர் இருக்கிறதே, தமிழ்நாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிற குடும்பங்கள் ஏராளம். அங்கே என்ன கதை?

தமிழ்நாடு தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை ஒழித்துச் சட்டம் இயற்றியது. 2007 முதல் பொறியியலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. வேறு வாரியப் பிள்ளைகளுக்குச் சமன்செய்யும் முறை ஒன்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் வாரியத்தில் ஒரு பாடத்தில் முதலாவதாக வந்தவர் 90 என்றால் அதைத் தமிழ்நாட்டு முதல் மதிப்பெண்ணான 100-க்குச் சமமாக வைப்பார்கள். நீங்கள் 60 வாங்கியிருந்தால் 66.66 ஆகும். கேட்க நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் இது வாரியத்தின் உச்சியில் நிற்கிற ஒருவரை மட்டுமே பார்க்கிற கணக்கு. லாத்தூரில் யாரோ ஒரு பிள்ளை கணக்கில் நூறு வாங்கிவிட்டால் தாராவியில் 70 வாங்கியவனுக்கு அது 70 தான். உச்சிக்கும் அடிக்கும் இடையில் வாரியம் எவ்வளவு கடுமையாகத் திருத்துகிறது என்பது அதில் தெரியாது. பள்ளியோ தெரியவே தெரியாது.

பள்ளியைப் பார்க்கிற சட்டம் தமிழ்நாட்டில் 2020-ல் வந்தது. நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை அடுத்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் தனி இடம். 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. 2022-ல் சென்னை உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. முன்பு கைவிரலில் எண்ணிவிடக்கூடிய அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவம் போன நிலை மாறி, முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கு மேல் போனார்கள். இந்தியா முழுவதற்கும் வழிகாட்டுகிற சட்டம் இது என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். ஏனென்றால், ஒரே மதிப்பெண்ணை இரண்டு பள்ளிப் பிள்ளைகள் எடுத்தால் அவை இரண்டும் ஒன்றல்ல என்று ஒரு சட்டமன்றம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மும்பை மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில், தமிழ்நாட்டு அரசுப் பள்ளியைவிடக் குறைந்த வசதியில், ஒழுகும் கூரையின்கீழ் தமிழ் படித்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. பொதுப்பிரிவில் விண்ணப்பிக்கவே பூர்வீகச் சான்றிதழ் வாங்க, தகப்பன் நாலு நாள் கூலியை விட்டுவிட்டு நாங்குநேரிக்கும் சங்கரன்கோவிலுக்கும் போய்த் தாலுகா அலுவலகத்தில் நிற்க வேண்டும். “நீங்கதான் பம்பாய்க்காரங்க ஆயிட்டீங்களே” என்று அங்கே ஓர் எழுத்தர் என்னிடமே சொன்னார். இங்கே இருப்பவர்களுக்கு நாம் மதராசி.

தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை இதைவிடக் கொடியது. ஊரில் பட்டியலில் இருக்கிற சாதி, எல்லை தாண்டினால் பட்டியலில் இல்லை. ஆந்திரத்திலிருந்து தகப்பனின் வேலையை ஒட்டி மும்பை வந்த ஒரு மாணவர் மருத்துவ இடம் கேட்ட வழக்கில், 1990-ல் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. 2018-ல் அரசியல் சாசன அமர்வும் அதையே நிலைநிறுத்தியது. 1950 ஆகஸ்டு 10-க்கு முன்னரே மராட்டியத்தில் குடியிருந்த குடும்பம் என்று காட்டினால்தான் இங்கே சான்றிதழ். தோல் பதனிட வந்த கொள்ளுத் தாத்தா ரேஷன் அட்டையைப் பத்திரப்படுத்தி வைக்கவில்லை என்பதற்காகக் கொள்ளுப் பேத்தி பொதுப்பிரிவில் நிற்கிறாள். ஊரில் தேநீர்க்கடையில் தனிக் குவளை கொடுத்தவனுக்கு இவள் எந்தச் சாதி என்பதில் சந்தேகம் வந்ததில்லை. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இப்போது இட்லிக்காரரின் கேள்விக்கு வருகிறேன். பள்ளியில் முதலாவது வந்தவள் என்பதற்கு மதிப்புக் கொடுக்க முடியுமா? முடியும், செய்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 1997-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மாநிலத்தில் எந்த உயர்நிலைப் பள்ளியாக இருந்தாலும் சரி, அங்கே முதல் பத்து சதவீதத்துக்குள் வந்த பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. மெக்சிகோ எல்லையோரத்து ஏழைப் பள்ளியானாலும் பணக்காரப் புறநகர்ப் பள்ளியானாலும் ஒரே கணக்கு. பிள்ளையை அவன் கூடப் படித்தவர்களோடு ஒப்பிடு, அவன் கண்ணால் பார்த்திராத பள்ளியோடு ஒப்பிடாதே என்பதுதான் அதன் சாரம். ஆஸ்டின் நகரப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் முழுவதும் இப்படியே நிரம்பத் தொடங்கியதால் 2009-ல் அதற்கு வரம்பு கட்டினார்கள். சில பெற்றோர் பிள்ளையை வேண்டுமென்றே எளிய பள்ளிக்கு மாற்றினார்கள் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வசதியுள்ளவர்கள் பிள்ளையை நம் பள்ளிக்கு அனுப்பட்டும். மறுநாளே கூரை ஒழுகுவது நின்றுவிடும்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதல்ல. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஒவ்வொரு வாரியத்திலும் முதல் ஒரு சதவீதத்தைப் பார்க்கிறது. ஐ.ஐ.டி.க்கு 2013 முதல் அவரவர் வாரியத்தில் மேல் இருபது பெர்சன்டைலுக்குள் வந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தது. டில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம், பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருகிற பிள்ளைக்குச் சில மதிப்பெண் சேர்த்துக் கொடுத்து நீண்ட காலம் சேர்க்கை நடத்தியது. வாரியத்தைப் பார்க்கலாம், மாவட்டத்தைப் பார்க்கலாம் என்றால் பள்ளியை ஏன் பார்க்கக்கூடாது?

தரம் போய்விடும் என்பார்கள். எந்தத் தரம்? இருபதுக்குப் பத்தொன்பது போட்டுக்கொடுத்த தரமா? ஒரு மதிப்பெண் போடும் முறையை மாற்றியதும் 125 பேர் 20 பேராகி, பிறகு 242 பேரான தரமா? ஒவ்வொரு ஜூனியர் கல்லூரியும் நூற்றுக்கு ஐந்து இடத்தை, மாநகராட்சிப் பள்ளிகளில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த பிள்ளைகளுக்கென வைக்கட்டும். அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் என்ன வாங்குகிறார்கள் என்று ஐந்தாண்டு பார்க்கட்டும். தமிழ்நாடு அரசு, வெளிமாநிலங்களில் அரசு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகளையும் 7.5-க்குள் சேர்க்கட்டும்; எண்ணிக்கையில் நாம் அந்தச் சட்டத்தை அசைக்கக்கூட மாட்டோம். இந்த இரண்டையும் எழுதி, வரும் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர நான் முன்மொழியப் போகிறேன். தேர்தல் நேரத்தில் கரை வேட்டியோடு தாராவிக்கு வருகிற தலைவர்களிடம் மாலைக்குப் பதிலாக அந்தத் தாளைக் கொடுப்போம்.

நம்மிடமும் ஒரு குற்றம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. மும்பையில் தமிழ் மொழிச் சிறுபான்மை நிறுவனம் என்று சான்று பெற்ற கல்லூரிகள் உண்டு. அவற்றில் பாதி இடம் தமிழ்ப் பிள்ளைகளுக்கானது. கட்-ஆஃபும் குறைவாக வரும். ஆனால் பள்ளி தருகிற எல்.சி.யில் தாய்மொழி என்ற இடத்தில் ‘தமிழ்’ என்று இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது எழுத்தர் ‘இந்தி’ என்று எழுதியதை நாம் கவனிக்கவில்லை. சிலர் தமிழ் என்றால் தொல்லை வரும் என்று தாங்களே அப்படிச் சொன்னார்கள். இட்லிக்காரர் மகளின் எல்.சி.யிலும் ‘இந்தி’ என்றுதான் இருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை இந்தி பேசாத குடும்பம். படிவத்தில் சிறுபான்மை என்ற கட்டத்தைத் தொட முடியாமல் நாங்கள் நகர்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆகவே எட்டு, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த மாதமே பள்ளிக்குப் போய்ப் பொதுப் பதிவேட்டில் தாய்மொழி, சாதி, பிறந்த ஊர் மூன்றும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். தவறு இருந்தால் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தகப்பனின் எல்.சி. இரண்டின் நகலோடு ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் சங்கத்துக்கு வந்தால் மனு எழுதித் தருகிறோம். பிள்ளை பள்ளியில் இருக்கும்போது திருத்துவது சுலபம். பத்தாவது முடித்து வெளியே வந்த பிறகு தலைமையாசிரியரிடமும் கல்வி அலுவலகத்திலும் மாறி மாறி நிற்க வேண்டியிருக்கும். அதற்குள் மூன்று சுற்றும் முடிந்திருக்கும்.